சாம்பிள் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஏப்ரல் பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பேட்டி எல்லாம் முடிச்சிட்டேன், இப்போ போய் கைடு சாம்பிளே சரியில்லன்றார், என்னக்கா பண்றது?" கைடு என்றால் ஆய்வு வழிகாட்டி, சாம்பிள் என்றால் பேட்டிக்கு யார் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது. கூப்பிடுகிறவர்கள் சமூகப்பணி, சமூகவியல் படிக்கிற பிள்ளைகள், சில சமயம் பிஎச்டிகாரர்களும் உண்டு. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள், காசிமேடு, எண்ணூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று பல வருடங்களாகப் பேட்டி எடுத்துக்கொண்டே சுற்றியவள், அதனால் வடசென்னையில் ஃபீல்டு ஒர்க் என்றாலே யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த போன்களில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் எழுதிவைக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பண்புசார் ஆய்வில், அதாவது எண்ணிப் பார்க்காமல் கேட்டுப் புரிந்துகொள்ளும் வகை ஆய்வில், சாம்பிள் கெட்டுப்போவது எண்ணிக்கையால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை கெடுவது வாசலில்தான். உங்களை யார் ஏரியாவுக்குள் கூட்டிப்போனாரோ அவருடைய ஊர்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கீழே இருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

"எட்டாவது பேட்டியிலேயே எல்லாரும் ஒரே கதையைச் சொல்றாங்க, நிறைவு வந்துடுச்சா?"

நிறைவு என்றால் இனிமேல் பேட்டி எடுத்தாலும் புதிதாக ஒன்றும் வராது என்ற நிலை. அது வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை எடுத்து, ஒவ்வொரு பேட்டிக்கும் எதிரே "இவரை எனக்கு யார் காட்டினார்" என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எட்டில் ஆறு பேருக்கு எதிரே ஒரே ஆள் வந்தால் வியாதி அதுதான், வேறு டெஸ்ட் வேண்டாம்.

எனக்கே நடந்தது. எண்ணூர் பக்கம் ஒரு குப்பம், மீன்பிடி வருமானம் எப்படிக் குறைந்தது என்று கேட்கப் போயிருந்தேன். ஊர்ச் சங்கத்து அண்ணன் ஒருவர், தங்கமான மனிதர், சங்கக் கட்டடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்து, டீ சொல்லி, ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இரண்டு நாளில் பதினோரு பேட்டி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேட்டியின் எழுத்து வடிவம், அடிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது: பதினோரு பேரும் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள், பதினோரு பேரும் சங்கத்தில் பேர் உள்ளவர்கள், கூலிக்குப் படகு ஏறுகிறவர் ஒருத்தர்கூட இல்லை. பாடு முறையைப் பற்றி, அதாவது எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி, எல்லாரும் பெருமையாகப் பேசியிருந்தார்கள். அந்தப் பாடு முறையில் பேரே இல்லாதவரிடம் அதைக் கேட்டால்தானே அதன் மறுபக்கம் தெரியும்? ஆற்றில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அதே கொசஸ்தலையாற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். என் பதினோரு டிரான்ஸ்கிரிப்டில் 'இருளர்' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சரிசெய்வது: வேறு வாசல். சங்கம் ஒன்று என்றால், ரேஷன் கடை வரிசை ஒன்று, ஐஸ் உடைக்கிற இடம் ஒன்று, வலை சரிபார்க்கிற நிழல் ஒன்று, பால்வாடி டீச்சர் ஒன்று. குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு. ஒரு வாசலில் இருந்து வரும் சங்கிலியில் மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், அவர்கள் எவ்வளவு அன்பாக அடுத்த ஆளைக் காட்டினாலும் சரி. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று போகும் இந்தப் பனிப்பந்து முறையை 1961-ல் லியோ குட்மேன் என்ற புள்ளியியல்காரர் எழுதியபோது, தொடக்க ஆட்களை ரேண்டமாக எடுத்துவிட்டுத்தான் அங்கிருந்து உருட்டச் சொன்னார். நாம் அந்த முதல் பாதியை வசதியாக மறந்துவிட்டு, கையில் கிடைத்த ஒரே அண்ணனிடமிருந்து உருட்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

'நிறைவு' என்ற சொல்லும் அப்படித்தான் தேய்ந்துபோய்விட்டது. 1967-ல் கிளேசரும் ஸ்ட்ராஸும் அதைப் பேசியபோது, பேட்டிகளிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த கருத்துவகை ஒன்றுக்குப் புதுத் தன்மை எதுவும் சேரவில்லை என்பதைத்தான் சொன்னார்கள், அதுவும் வேண்டுமென்றே வேறுபட்ட ஆட்களைத் தேடிப் போய்ப் பார்த்த பிறகு. ஒரே தெருவில் ஒரே பதிலை எட்டு முறை கேட்டுவிட்டு அதை நிறைவு என்றால் அது ஒரு பேட்டியின் எட்டு ஜெராக்ஸ்.

"கைடு முப்பது பேர் வேணும்ன்றார், எங்கிருந்து வந்தது இந்த முப்பது?"

எங்கிருந்தும் வரவில்லை, புள்ளியியல் வகுப்பிலிருந்து யாரோ எடுத்து வந்தது. இன்னும் சிலர் கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-ல் போட்ட அட்டவணையைக் கொண்டுவந்து, பத்தாயிரம் பேர் இருக்கிற இடத்துக்கு 370 என்கிறார்கள். அந்த அட்டவணை சர்வேக்கு. 370 பேரிடம் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் உங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும்.

கைடிடம் வாதாட ஏதாவது வேண்டும் என்றால் இரண்டு ஆய்வுகள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை ஆராய்ந்து, முதல் 12-க்குள் ஏறக்குறைய எல்லாக் கருத்துகளும் வந்துவிட்டன, அடிப்படையானவை 6-லேயே தெரிந்துவிட்டன என்றார்கள். உடனே எல்லாரும் '12 போதும்' என்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான வாழ்க்கை உள்ளவர்கள், கேள்வியும் குறுகலான கேள்வி, அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2017-ல் ஹென்னிங்கும் கூட்டாளிகளும் 25 பேட்டிகளைப் பார்த்து, என்னென்ன விஷயம் இருக்கிறது என்று தெரிய 9 போதும், அதன் அர்த்தம் புரிய 16 முதல் 24 வரை வேண்டும் என்றார்கள். இரண்டாவதுதான் நமக்கு வேலைக்கு ஆகும். 'குடும்பத்தில் கடன் இருக்கிறது' என்பது மூன்றாவது பேட்டியிலேயே தெரிந்துவிடும். அந்தக் கடன் ஒரு வீட்டில் அவமானமாகவும் அடுத்த வீட்டில் சாதாரணமாகவும் இருப்பது ஏன் என்று தெரிய நாள் ஆகும்.

அதனால் எண்ணைச் சொல்லாமல் ஒரு வீச்சைச் சொல்லுங்கள், 15 முதல் 22 என்பது மாதிரி, எப்போது நிறுத்துவேன் என்பதையும் கூடவே எழுதுங்கள். கைடு அப்பவும் முப்பதுதான் என்று அடம்பிடித்தால், சரி, முப்பது எடுங்கள். கைடிடம் ஜெயித்து என்ன ஆகப்போகிறது.

"கட்டம் போட்டேன், நிரம்பவே மாட்டேங்குது"

எந்த வகையில் எத்தனை பேர் என்று போட்டுக்கொள்ளும் அட்டவணைதான் கட்டம். ஆண் பெண் இரண்டு, வயது மூன்று, தமிழ் தெலுங்கு என்று மொழி இரண்டு, தொழில் நான்கு. பெருக்கினால் 48 கட்டம். நீங்கள் எடுக்கப்போவது இருபது பேட்டி. உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே வித்தியாசம் உண்டாக்குகிற இரண்டு அச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். காசிமேட்டில் லாஞ்சில், அதாவது விசைப்படகில், கூலிக்குப் போகிறவர்களைப் பற்றி என்றால் மொழி அவசியம், ஏனென்றால் ஆந்திராவிலிருந்து வந்து ஏறுகிறவர்கள் நிறைய. கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றி என்றால், மேட்டுக்குள் போய்ப் பொறுக்குகிறவரா, தெருவில் பொறுக்குகிறவரா, எடைக்கு வாங்குகிறவரா என்பதுதான் முதல் அச்சு. வயதைப் பிறகு பார்க்கலாம்.

"பெண்களே கிடைக்கல" / "கிடைச்சாங்க, ஆனா வீட்டுக்காரர்தான் பதில் சொல்றார்"

நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்? காலை பதினொன்று முதல் மாலை நாலு, அதுதானே? ஆட்களை மட்டும் சாம்பிள் எடுத்துவிட்டு நேரத்தை எடுக்காமல் விட்டதுதான் தப்பு.

மீன் விற்கிற அம்மா ஒருவரிடம் பேச நான் நாலு முறை போனேன். விடியற்காலை ரெண்டு மூணு மணிக்கு அவர் காசிமேட்டில் ஏலத்தில் நிற்பார், இருட்டில், காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அப்போது கேள்வி கேட்டால் அடி விழும். வெளிச்சம் வருவதற்குள் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். மதியம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் தூக்கம். "ரெண்டு மணிக்கு வா கண்ணு, ஆனா நாலுக்கு தண்ணி லாரி வந்துடும், நடுவுல நான் தூங்கணும்" என்றார். பேட்டிக்கு அவர் வாழ்க்கையில் இடமே இல்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொல்லிக் கேட்டதில்லை. கடைசியில் மார்க்கெட்டில் வியாபாரம் மந்தமாகும் பத்தரை மணி சுமாருக்கு, அவர் மிச்சமிருந்த காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டே பேசினார், நான் ஈ ஓட்டினேன். நடுவில் மூன்று பேர் வந்து விலை கேட்டார்கள். அந்த நாற்பது நிமிட டிரான்ஸ்கிரிப்ட், சங்கக் கட்டடத்து ஃபேன் காற்றில் எடுத்த பதினொன்றையும் சேர்த்து வைத்தாலும் தாங்காது. வீட்டுக்காரரும் அங்கே கிடையாது.

ஆகவே கட்டத்தில் ஒரு வரிசை கூட்டுங்கள்: நேரம், இடம். இத்தனை பேட்டி வீட்டில், இத்தனை தொழில் செய்யும் இடத்தில், இத்தனை விடிவதற்கு முன்னால் என்று.

"போன மாசம் இருந்தவங்க இந்த மாசம் இல்ல"

தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாவம், நம் பிள்ளைகளுக்குத் தீசிஸ் வேலையும் சரியாக அப்போதுதான் வந்து விழுகிறது. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், ஓனர்கள் பெயின்ட் அடிப்பதும் இன்ஜின் பிரிப்பதுமாகத் துறைமுகத்திலேயே சாவகாசமாகக் கிடைப்பார்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். கூலிக்கு ஏறுகிறவர்களில் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், உள்ளூர்க்காரர்களில் பலர் கிடைத்த வேலைக்குப் போயிருப்பார்கள். தடை பெரிய படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் மே மாதம் எடுத்த சாம்பிள் ஓனர்கள் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும், நீங்களோ அதைக் 'காசிமேட்டு மீனவர்கள்' என்று தலைப்பில் போட்டிருப்பீர்கள். ஜூன் 15-க்குப் பிறகு நாலு பேட்டியாவது போய் எடுங்கள். முடியாது என்றால் தலைப்பை மாற்றுங்கள், வேறு வழி கிடையாது.

"ரொம்ப நல்லாப் பேசறாங்க, கேள்வியே கேக்க வேணாம்"

இது நல்ல செய்தி மாதிரி இருக்கும், இல்லை. எண்ணூரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. அதற்குப் பிறகு அங்கே வராத கேமரா இல்லை. அந்த மக்களுக்குச் சொல்ல நிஜமான வேதனை இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே வேதனையை நாற்பது பேரிடம் சொன்ன ஒருவருக்கு அது ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும், எங்கே நிறுத்தவேண்டும், எங்கே கையைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று. நான் பையிலிருந்து ரெக்கார்டரை எடுப்பதற்குள் ஒரு அக்கா "மைக்க இங்க வெச்சுக்கம்மா, அப்பதான் காத்து சத்தம் வராது" என்றார். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. இருந்தாலும் நான் கேட்க வந்தது அவர் சொல்லத் தயாராக வைத்திருந்தது இல்லை.

அவரைச் சாம்பிளில் ஒருவராக எண்ணாமல் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த விஷயத்துல உங்க கூட ஒத்துப்போகாதவங்க யாருக்கா?" "இதுவரைக்கும் யாரும் பேட்டி எடுக்காத வீடு எது?" இரண்டாவது கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதிர்ச் சந்தின் கடைசி வீட்டைக் காட்டினார். அங்கே போனேன்.

"ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து நிக்கிறாங்க"

சிரிக்காதீர்கள், இது வடசென்னையில் அடிக்கடி நடப்பது. ஒரு முறை வியாசர்பாடியில் மாடிப்படி அடியில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன், கையில் கிளிப் போட்ட அட்டை, அதில் தாள். பத்து நிமிடத்தில் எதிரே ஏழு பேர் வரிசை, ஒவ்வொருவர் கையிலும் ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அட்டையில் எழுதுகிறவள் என்றால் நிவாரணத்துக்கோ வீட்டுக்கோ பேர் எழுதுகிறாள் என்றுதானே அர்த்தம், அவர்கள் அனுபவம் அது. அப்படித் தானாக வந்தவர்கள் எல்லாரும் நிவாரணம் தேவைப்படுகிறவர்கள், பேச்சும் அந்தத் திசையில்தான் போகும். தேவைப்படாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள்.

அட்டையைத் தூக்கிப் பையில் வையுங்கள், சின்ன நோட்டு போதும். பேர் எழுத வரவில்லை, பணம் வராது, பேசாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்று சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். முதல் நாள் பேட்டியே எடுக்காமல் வருவது இன்னும் நல்லது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் "அப்போ எதுக்கு வந்த?" என்றார்கள், நியாயமான கேள்வி, அவர்கள் இருவருடன்தான் நல்ல பேச்சு அமைந்தது.

"பட்டியலே கிடைச்சிடுச்சு, இனி கவலையில்ல"

கவலைப்படுங்கள். பெரம்பூர் பக்கம் பின்னி மில் என்று எல்லாரும் சொல்லும் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் 1996-ல் மூடியது. அதில் வேலை பார்த்தவர்களைத் தேடினால் சங்கப் பட்டியல் வழியாகப் போவதுதான் சுலபம், 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் ஊர் அது. ஆனால் எந்தப் பட்டியலும் சிலரைச் சேர்த்துச் சிலரை விட்டதுதான். 1921 வேலைநிறுத்தத்தின்போதே தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் கலவரம் வரை போனது. சங்கத்தின் நினைவு ஒன்று, அதற்கு வெளியே நின்ற குடும்பங்களின் நினைவு வேறு. பட்டியலில் இருப்பவரிடமே "உங்க கூட வேலை செஞ்சு இதுல பேர் இல்லாதவங்க யாரு?" என்று கேட்டு, கிடைக்கிற பேர்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதே வியாதியின் இன்னொரு ரூபம், குடிசை அகற்றத்தைப் பற்றி இன்னும் அங்கேயே இருப்பவர்களிடம் மட்டும் கேட்பது. போனவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள், நகரத்தின் மறுகோடி, பஸ்ஸில் அரைநாள் போய்விடும். போய்த்தான் ஆகவேண்டும்.

"ஒருத்தர் மட்டும் எதிர்மாறா சொல்றார், தூக்கிடலாமா?"

தூக்கவே கூடாது. தொழிற்சாலைகளால் வாழ்க்கையே போச்சு என்று பதினாறு பேர் சொன்ன இடத்தில் ஒரு அம்மா, "என் புள்ள அங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்கான், அவன் சம்பளம் வந்தப்புறம்தான் நான் அடகு நகைய மீட்டேன்" என்றார். அவர் மாதிரி இன்னும் ஒருவரையாவது தேடிப் பிடிப்பதுதான் உங்கள் அடுத்த சாம்பிள். கிடைத்தால் உங்கள் வாதம் மாறும். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், அவர் ஏன் தனியாக நிற்கிறார் என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அந்தப் பக்கம்தான் காப்பாற்றும்.

"ரேண்டமா எடுத்தீங்களான்னு வைவால கேட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டேன்"

ஏன் சொன்னீர்கள்? தெருவில் எதிர்ப்பட்டவரைப் பிடித்துப் பேசியது ரேண்டம் ஆகாது. ரேண்டம் என்றால் அந்த ஏரியாவில் ஒவ்வொருவரும் தேர்வாக எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், குலுக்கல் மாதிரி. நீங்கள் செய்தது தேர்வு, காரணம் வைத்துச் செய்தால் அது நோக்கமுறைச் சாம்பிள், காரணம் இல்லாமல் செய்தால் வசதிமுறைச் சாம்பிள். எதுவோ அதையே எழுதுங்கள். சென்னை முழுக்கப் பொருந்துமா என்று கேட்டால், எத்தனை பேருக்கு என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி நடக்கிறது, யாருக்கு வேறு மாதிரி நடக்கிறது என்று சொல்லமுடியும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

தீசிஸில் இப்படி ஒரு பத்தி இருந்தால் யாரும் மடக்க முடியாது. அப்படியே காப்பி அடிக்காமல் உங்கள் கணக்கைப் போடுங்கள்:

"மொத்தம் 19 பேட்டிகள். ஊர்ச் சங்கம், ரேஷன் கடை, மீன் மார்க்கெட், பால்வாடி என்று நான்கு வழிகளில் ஆட்களை அணுகினேன். ஒரு வழியில் மூன்று பேருக்கு மேல் பரிந்துரையை ஏற்கவில்லை. மீதி ஏழு பேர் நானே தேடிப்போய்ப் பேசியவர்கள். ஆறு பேட்டிகள் தடைக்காலத்திலும் மற்றவை அதற்குப் பிறகும் எடுத்தவை. ஐந்து பேர் பேச மறுத்தார்கள், அவர்களில் நான்கு பேர் கூலித் தொழிலாளர்கள், மூன்று பேர் தெலுங்கு பேசுபவர்கள், எனக்குத் தெலுங்கு தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கைடு அடிக்கச் சொல்வார். அடிக்காதீர்கள்.